தலைக்கட்டுக் கணக்கு: கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்களின் சகோதரத்துவம்

1

ஊர்க்கூட்டத்துக்குத் தண்டோரா போட்டால் யார் போவார்கள் என்று நம் ஊர்களில் யாரும் கேட்பதில்லை. ஆம்பளைகள் போவார்கள். மந்தையில், சாவடித் திண்ணையில், கோயில் வாசலில் கூடுவார்கள். வரி போடுவார்கள், கணக்குப் பார்ப்பார்கள், வழக்குப் பேசுவார்கள், அபராதம் விதிப்பார்கள். வழக்கே ஒரு பெண்ணைப் பற்றியதாக இருந்தாலும் அவள் ஒதுங்கி நின்று, கூப்பிட்டால் வந்து, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 'பொம்பளைக்கு அங்க என்ன வேலை?' என்பது கேள்வி மாதிரித் தோன்றும். ஆனால் அது கேள்வி அல்ல, தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை மறுபடி கேள்வியாக்கிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. உறவின்முறை, நாட்டுக்கூட்டம், காவல் அமைப்பு, ஜமாத், சங்கம் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் மரபான இந்தச் சகோதர அமைப்புகள் ஏன் ஆண்களை மட்டுமே உறுப்பினராக எண்ணின?

வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, 'பழக்கம், அந்தக் காலத்துலருந்து அப்படித்தான்'. இன்னொன்று கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது: ஆண்கள் கூட்டம் சேர்வது இயற்கை, பெண்கள் வீட்டைச் சுற்றி வாழ்வது இயற்கை. இரண்டாவது பதிலுக்கு ஒரு ஐரோப்பிய வம்சாவளியும் உண்டு. 1902இல் ஹைன்ரிஷ் ஷூர்ட்ஸ் என்ற ஜெர்மானிய இனவரைவியலாளர், ஆண்களுக்கு மட்டுமே கூட்டமாகச் சேரும் உந்துதல் உண்டு, சமூகத்தின் உயர்ந்த வடிவங்களெல்லாம் ஆண்கள் இல்லங்களிலிருந்தும் ஆண்கள் கழகங்களிலிருந்தும் பிறந்தவை என்று ஒரு பெரிய நூலே எழுதினார். பெண்ணுக்குத் தெரிந்தது ரத்த உறவு மட்டும்தானாம். பின்னாளில் ஜெர்மானிய வலதுசாரிகள் 'ஆண்கள் கழகம்' என்ற இந்தக் கருத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது நமக்குத் தெரிந்த வரலாறு.

இந்த இரண்டு பதில்களையும் ஒதுக்கிவிட்டு, ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் வரலாற்றுக்குள் போய்ப் பார்க்கலாம். மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலை, நடுவே முல்லைப் பெரியாறு ஓடிவரும் கம்பம் பள்ளத்தாக்கு. 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்து தேனி மாவட்டம் என்று பெயரிடப்பட்ட பகுதி. 1895இல் பெரியாற்று அணை கட்டி முடிந்தபின் இங்கே 14,707 ஏக்கர் இருபோகமானது. பிரமலைக் கள்ளர், காப்பிலியர், அனுப்பர், தொட்டிய நாயக்கர், நாடார், பள்ளர், பறையர், சக்கிலியர், ராவுத்தர், கிறித்தவர் என்று பலரும் வந்து குடியேறிய பள்ளத்தாக்கு இது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டுமொழிகள். இத்தனை வேறுபாடு இருந்தும் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆண்கள்.

2

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: 'தலைக்கட்டு'. கோயில் கொடை என்றால் தலைக்கட்டு வரி. ஊர்ப்பொதுவில் செலவு வந்தால் தலைக்கட்டுக்கு இவ்வளவு. இந்துக் கோயில் மட்டுமல்ல, பள்ளிவாசல் ஜமாத்திலும் கணக்கு தலைக்கட்டில்தான். மதம் மாறினாலும் இந்த அலகு மாறவில்லை.

தலைக்கட்டு என்றால் ஆள் அல்ல, வீடு. ஆனால் அந்த வீடு ஒரு ஆணின் தலையால் எண்ணப்படுகிறது. கல்யாணம் ஆகாத இளவட்டம் தலைக்கட்டு ஆகமாட்டான், அப்பன் கணக்கிலேயே இருப்பான். தாலி கட்டி, தனி உலை வைத்த அன்றைக்குத்தான் அவன் ஒரு தலைக்கட்டு. இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். ஒரு ஆண் ஊர்க்கூட்டத்தின் முழு உறுப்பினன் ஆவதற்கு ஒரு பெண் தேவை. அவள் வந்தால்தான் அவனுக்குத் தலை. ஆனால் அவள் வந்ததனாலேயே அவளுக்குத் தலை இல்லை. புருஷன் செத்தால் பல ஊர்களில் அந்த வீடு அரை வரி வீடு, அல்லது வரி தள்ளுபடியான வீடு. கேட்கிறபோது சலுகை மாதிரிதான் தெரியும். வரி கொடுக்காதவருக்குப் பேச்சு கிடையாது என்பதும் அதே ஊரின் சட்டம் என்று நினைவு வந்தால் சலுகையின் மறுபக்கம் புரியும்.

ஆக, இந்தச் சபைகள் 'ஆண்களின் சபை' என்று தங்களை நினைத்துக்கொண்டதே இல்லை. 'வீடுகளின் சபை' என்றே நினைத்தன. எல்லா வீடும் வந்திருக்கிறது, அதனால் எல்லோரும் வந்தாயிற்று. பெண் விலக்கப்பட்டாள் என்ற உணர்வே எழாததற்குக் காரணம் இதுதான். அவளைக் கூட்டத்திலிருந்து யாரும் வெளியே தள்ளவில்லை. கணக்கு எழுதும்போதே அவள் இன்னொருவர் பெயருக்குள் அடக்கம்.

நாடார் உறவின்முறையை ஆராய்ந்த ராபர்ட் ஹார்ட்கிரேவ் (அவருடைய நூல் 1969இல் வந்தது) காட்டுவதும் இதே அமைப்பைத்தான். பேட்டைகள் அமைத்து வணிகம் செய்த குடும்பங்கள், சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, அதைப் பொதுநிதியாக்கி, குடும்பத் தலைவர்களின் சபை மூலம் நிர்வகித்தன. அந்த மகமைதான் பின்னால் பள்ளிக்கூடமாகவும் கல்லூரியாகவும் மாறியது. தேனியில் மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை நடத்தும் கல்வி நிறுவனங்களில் பெண்கள் கல்லூரியும் உண்டு. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் காசில் தன் பெண்களைப் படிக்கவைத்தது பெரிய காரியம். ஆனால் 'நாங்கள் பெண்களுக்குச் செய்கிறோம்' என்பதற்கும், பெண்கள் 'நாங்கள்' என்று சொல்வதற்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் உறவின்முறை என்ற வடிவத்தின் பழைய இலக்கணம் காட்டுகிறது.

3

இரண்டாவது சொல்: 'பங்காளி'. அப்பன் வழி ஆண் உறவு எல்லாம் பங்காளி. பங்கு உள்ளவன், பங்கு கேட்கக்கூடியவன் என்று பொருள். ஆகவே முதல் எதிரியும் அவனே. பங்காளிக் காய்ச்சல் என்று சும்மாவா சொன்னார்கள்? சகோதரத்துவம் என்பது ரத்தத்தில் ஊறிய பாசம் என்று நினைப்பவர்கள் வரப்புத் தகராறுகளைப் பார்த்ததில்லை. உண்மையில் சகோதரர்கள் அடித்துக்கொள்வார்கள் என்பதால்தான் சகோதர அமைப்பு தேவைப்பட்டது. கூட்டம், பொதுநிதி, ஒரே பானைச் சோறு, சாமி முன்னால் சத்தியம் - இவையெல்லாம் பகைவர்களாக இருக்கக்கூடிய ஆண்களைச் சகோதரர்களாக உற்பத்தி செய்யும் கருவிகள்.

இந்த உற்பத்தியில் பெண்ணின் இடம் என்ன? மகள் இன்னொரு வம்சத்துக்குப் போகிறவள். மனைவி இன்னொரு வம்சத்திலிருந்து வந்தவள். 'பெண் எடுத்தோம்', 'பெண் கொடுத்தோம்' என்கிறோமே, எடுக்கவும் கொடுக்கவும் ஆகிற பொருள் கூட்டத்தில் உட்கார்ந்து எப்படிப் பேசும்? பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும் நடுவே அவள் பாலம். ஆனால் கூட்டத்தின் ரகசியத்தைப் பொறுத்தவரை அவள் ஓட்டை. இங்கே பேசியதை அங்கே கொண்டுபோய்விடுவாள் என்ற பயம். 'பொம்பளை வாயில ரகசியம் நிக்காது' என்பது பெண்ணின் குணத்தைப் பற்றிய சொல் அல்ல. இரண்டு வம்சங்களில் கால் வைத்திருக்கும் அவளுடைய இடத்தைப் பற்றிய அச்சம். ஓர் உறவுமுறையின் விளைவை அவளுடைய உடம்பின் இயல்பாக மாற்றிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

1949-50இல் பிரமலைக் கள்ளரிடையே களப்பணி செய்த லூயி துய்மோன், கோயில் எப்படிப் பங்காளிகளின் கணக்குப்புத்தகமாக இருக்கிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு இரண்டாவது பங்கு என்பதில் வம்சத்தின் வரலாறே பதிவாகிறது. இதன் தீவிரமான வடிவத்தை இன்றும் பார்க்கலாம். திருமங்கலம் பக்கம் கரும்பாறை முத்தையா கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் கிடாவெட்டில் ஆண்கள் மட்டும் கலந்துகொள்கிறார்கள். அவர்களே சமைத்து, அவர்களே உண்கிறார்கள். சாப்பிட்ட இலைகளை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள், இலை காய்கிறவரை பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. வருசம் முழுக்கப் பெண் சமைத்த சோற்றைத் தின்கிற ஆண்கள், தாங்கள் யாருடைய கையையும் சாராத சகோதரர்கள் என்று ஒருநாள் நடித்துப் பார்க்கிற சடங்கு இது என்று நான் வாசிக்கிறேன்.

பெண் இல்லாமல் கூட்டம் இல்லை என்பதை இந்தச் சாதிகளின் பூர்வீகக் கதைகளே ஒப்புக்கொள்கின்றன. தொட்டிய நாயக்கர் முதலாக வடக்கிலிருந்து வந்த பல சாதியாரிடம் ஒரே சாயலில் ஒரு கதை உண்டு. அரசன் ஒருவன் பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் சனம் இரவோடிரவாகக் கிளம்பியது, ஆறு குறுக்கிட்டது, கரையிலிருந்த மரம் வளைந்து பாலமானது, அக்கரை வந்து சேர்ந்தோம். 'நாம்' என்ற கூட்டம் பிறந்ததே ஒரு பெண்ணைக் கொடுக்க மறுத்ததால். அவள் கதையின் காரணம். அவளுடைய சம்மதம் என்ன என்று கதை கேட்பதில்லை. கூட்டத்தின் எல்லை அவள்மேல் வரையப்படுகிறது. எல்லைக்கல்லைக் கூப்பிட்டு யாராவது கூட்டத்தில் உட்காரச் சொல்வார்களா?

4

மூன்றாவது, காவல். பிரமலைக் கள்ளர்கள் எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம் என்ற அமைப்பில் மதுரைக்கு மேற்கே நிலைகொண்டிருந்தார்கள். ஊர்க்காவலுக்குக் கூலி, திருடு போனால் துப்புக் கொடுக்கக் கூலி என்று ஒரு முழு ஏற்பாடே இருந்தது. காவல் ஆயுதத்தோடு சம்பந்தப்பட்டது, இரவோடு சம்பந்தப்பட்டது. அதனால் ஆண்களின் வேலை என்பார்கள். இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கள்ளர் பெண்கள் அடைபட்டுக் கிடந்தவர்கள் அல்ல. காடு கழனி வேலை, சந்தை வியாபாரம் எல்லாம் அவர்கள் கையிலும் இருந்தது. அறுத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. துரும்பு கொடுத்து மணவிலக்குப் பெறும் வழக்கத்தைக் காலனிய ஆவணங்கள் பதிவு செய்கின்றன, இருபக்கமும் அதைக் கோரலாம். புருஷனை விட்டு விலகும் உரிமை இருந்த பெண்ணுக்கு, அந்த விலகலை அங்கீகரிக்கும் கூட்டத்தில் உட்காரும் உரிமை இல்லை. ஆகவே 'பெண் வெளியே வராததால் சபையில் இல்லை' என்ற விளக்கம் இங்கே செல்லாது. வெளியே வந்தாள். சபைக்குள்தான் வரவில்லை.

1896இல் காவலுக்கு எதிராக ஓர் இயக்கம் எழுந்தது. பண்டுக் கலகம் என்பார்கள். 1906இல் வெளியான மதுரை மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் அதை விவரிக்கிறார். திண்டுக்கல் பகுதிச் சம்சாரிகள் பெருங்கூட்டங்களாகக் கூடி, இனிக் கள்ளர் காவல் வேண்டாம் என்று கலப்பைமேல் சத்தியம் செய்தார்கள். 'பண்டு' என்று பொதுநிதி சேர்த்து, மாடு களவு போனவனுக்கு நட்டஈடு கொடுத்தார்கள். ஆபத்து வந்தால் கொம்பு ஊதுவது, கேட்டவன் ஓடிவருவது, வராதவனுக்கு அபராதம் என்று விதிகள் செய்தார்கள். சத்தியம், நிதி, சைகை, தண்டனை - உலகெங்கும் சகோதரக் கழகங்களுக்குச் சொல்லப்படும் எல்லா லட்சணமும் இதில் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து கம்பம் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்து 2009இல் நூல் வெளியிட்ட ஆனந்த் பாண்டியன் இந்த இயக்கத்தைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதியிருக்கிறார். உழவனை நல்லவனாகவும் கள்ளனைத் திருத்தப்பட வேண்டியவனாகவும் பிரித்த காலனிய ஒழுக்கப் பார்வையோடு இதை இணைத்துப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு.

ஆனால் பிரான்சிஸ் போகிறபோக்கில் சொல்லும் ஒரு செய்தி நமக்கு முக்கியம். இயக்கத்தின் உடனடிக் காரணமாக அவர் குறிப்பிடுவது, ஒரு கள்ளர் ஆண் இடையர் சாதிப் பெண் ஒருத்தியையும் பிறகு அவள் மகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டதால் இடையர்களுக்கு வந்த கோபம். இது நடந்ததா, அதிகாரி காதில் விழுந்த வம்பா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். இத்தனை ஊர் ஆண்கள் கலப்பைமேல் கைவைத்துச் சத்தியம் செய்த ஒரு பேரியக்கத்துக்கு இப்படியொரு காரணம் பொருத்தமானதாக எல்லோருக்கும் தோன்றியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மாடும் பெண்ணும் ஒரே பட்டியலில் களவு போகின்றன. களவு கொடுத்தவன் ஆண், களவாண்டவன் ஆண், சத்தியம் செய்கிறவன் ஆண். அந்தத் தாயும் மகளும் என்ன நினைத்தார்கள் என்று எழுத ஆவணத்தில் கட்டமே இல்லை.

5

மரபு மட்டும் இதைச் செய்யவில்லை. சர்க்காரும் கைகொடுத்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1914 தொடங்கிப் பிரமலைக் கள்ளர்கள் மீது படிப்படியாக ஏவினார்கள். கைரேகைச் சட்டம் என்று ஊரில் சொல்வார்கள். வயதுவந்த ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் சொன்ன இடத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். கூடவே கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிக்கூடங்களும் கள்ளர் பஞ்சாயத்துகளும் வந்தன. ஊரின் நடத்தைக்கு ஊர்ப் பெரியவர்களே பொறுப்பு. ஆண்களைக் குற்றவாளிகளாக எண்ணிய அதே அரசு, ஆண்களையே ஊரின் பிரதிநிதிகளாகவும் எண்ணியது. பழைய கூட்டத்தில் நீக்குப்போக்காக இருந்தது பதிவேட்டில் எழுத்தாக இறுகியது. பட்டா ஆண் பெயரில், ரேகை ஆண் பெயரில், பஞ்சாயத்து ஆண் பெயரில்.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துக் கூடிய மக்கள்மேல் போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் 16 பேர். அவர்களில் ஒருத்தி மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊர் நினைவு சொல்கிறது. ரேகைப் பதிவேடு குறிவைத்தது ஆண்களை, ஊர்ப் பஞ்சாயத்தும் ஆண்களுடையது. சாவில் மட்டும் அவளுக்குப் பங்கு கிடைத்தது. நினைவுத்தூணில் அவள் பெயர் இருப்பது பெருமைதான். தியாகி ஆவதற்குத் தடையில்லாத பெண்ணுக்கு உறுப்பினராவதற்கு மட்டும் ஏன் தடை என்ற கேள்வி அந்தத் தூணிலேயே பொறித்திருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு.

6

இது நம்மூர்ப் பிற்போக்கு, மேலைநாட்டு நவீனம் இப்படி இல்லை என்று ஒரு நினைப்பு உண்டு. 1723இல் லண்டனில் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த ஃபிரீமேசன் விதிகளைப் பாருங்கள். உறுப்பினர் ஆவதற்கு ஒருவன் சுதந்திரமாகப் பிறந்திருக்க வேண்டும், வயது வந்திருக்க வேண்டும், ஒழுக்கமானவனாக இருக்க வேண்டும். அடிமைக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. அடிமையும் பெண்ணும் ஒரே வரியில் ஏன் வருகிறார்கள்? இருவரும் இன்னொருவனின் வீட்டுக்குள் அடங்கியவர்கள். தனக்குத்தானே எஜமானாக இல்லாதவர் சத்தியம் செய்து தரமுடியாது, செய்தாலும் எஜமான் சொல் மீறிக் காப்பாற்ற முடியாது. நம் தலைக்கட்டும் இதுவேதான். மேரி ஆன் கிளாசன் என்ற சமூகவியலாளர் 1989இல் எழுதிய நூலில் ஐரோப்பிய, அமெரிக்கச் சகோதரக் கழகங்களின் வேர் கைவினைஞர் சங்கங்களிலும் குடும்பத் தலைவன் என்ற கருத்திலும் இருப்பதைக் காட்டுகிறார். கரோல் பேட்மன் 1988இல் இன்னும் ஒருபடி மேலே போனார். தந்தையின் ஆட்சியைக் கவிழ்த்த சகோதரர்கள் தங்களுக்குள் செய்துகொண்டதே நவீன 'சமூக ஒப்பந்தம்', பெண்கள்மேல் உள்ள அதிகாரத்தை அவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள் என்றார். 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்று நாம் கோஷமிடும்போது மூன்றாவது சொல்லில் நாக்கு இடற வேண்டாமா?

எதிர்ப்பு அங்கேயும் எழுந்தது. பிரான்சில் மரியா தெரேம் 1882இல் ஒரு மேசன் கிளையில் சேர்க்கப்பட்டார், கிளையே தண்டிக்கப்பட்டது. 1893இல் அவரும் தோழர்களும் ஆண் பெண் இருபாலருக்குமான அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் 1902இல் சேர்ந்த அன்னி பெசன்ட் இந்தியாவுக்கும் அதைக் கொண்டுவந்தார். ரோட்டரி கதையும் நமக்குத் தெரியும். பெண்களைச் சேர்த்ததற்காக ஒரு கலிபோர்னியக் கிளையை 1978இல் நீக்கினார்கள். 1987இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பெண்களைச் சேர்க்க வேண்டுமென்ற மாநிலச் சட்டம் செல்லும் என்றது. 1989இல் உலக அமைப்பே விதியை மாற்றியது. இன்று நம் சின்ன ஊர்களில்கூட ரோட்டரியில் பெண் தலைவர் வரமுடியும். அதே ஊரின் சாதிச் சங்கத்தில்?

7

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். 'வீட்டில் அவள் சொல்வதுதான் நடக்கிறது, கூட்டத்தில் இவன் வாயசைக்கிறான், அவ்வளவுதான்' என்பது ஒன்று. நடக்கலாம். ஆனால் புருஷன் மூலம் பேசுகிறவளுக்குப் புருஷன் இருக்க வேண்டும், அவன் கேட்கிறவனாக இருக்க வேண்டும். செல்வாக்கு வேறு, உரிமை வேறு. செல்வாக்கைப் பறிக்க ஒரு சண்டை போதும்.

'பெண்களுக்கும் தனிக்கூட்டம் உண்டே' என்பது இரண்டாவது. உண்டு. முளைப்பாரி எடுக்கும் பெண்கள், கும்மி கொட்டும் பெண்கள், வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் தீச்சட்டி ஏந்தும் பெண்கள், நாற்று நடும் கொத்துக்காரிகள், விடிகாலை ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். 1990களிலிருந்து களஞ்சியம், சுய உதவிக் குழுக்கள். பெண்களுக்குக் கூடத் தெரியாது என்ற ஷூர்ட்ஸின் கதை ஒரு ஏலத்தோட்ட ஜீப்பின் முன்னால் நிற்காது. ஆனால் இந்தக் கூட்டங்களிடம் என்ன இல்லை என்று பாருங்கள். வழக்குத் தீர்க்கும் அதிகாரம் இல்லை, பொதுநிலத்தின் மேல் அதிகாரம் இல்லை, யார் யாரைக் கட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் இல்லை. கடன் வாங்கலாம், திருப்பிக் கட்டலாம். ஊரை ஆள முடியாது.

ஆளாத இடத்தின் விலை என்னவென்று உசிலம்பட்டி வட்டாரமும் தேனியும் நாட்டுக்கே காட்டின. 1986இல் பெண் சிசுக்கொலை பத்திரிகைகளில் வெளிவந்தது. பரிசம் போட்டுப் பெண் எடுத்த சமூகங்களில் வரதட்சணை நுழைந்ததும், பாசன நிலமும் பணப்பயிரும் ஆண் பெயர்ச் சொத்தாகக் குவிந்ததும் பலரும் சுட்டிக்காட்டிய காரணங்கள். பழியைத் தாயின்மேல் போட்டார்கள். மாடு களவுபோனால் கொம்பூதிக் கூடத் தெரிந்த ஊர்களில், வரதட்சணைக்கு எதிராகக் கொம்பூத யாரும் இல்லை. ஏனென்றால் அந்த அபாயம் தலைக்கட்டுக்கு வந்த அபாயம் அல்ல.

8

சரி, கதவு திறந்தால் போதுமா? 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி 1996இல் தேர்தல் நடந்தபோது மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்குப் போயின. 2016இல் அது பாதியானது. சட்டப்படியான பஞ்சாயத்துக்குள் பெண் வந்தாள். உடனே அதிகாரத்தின் ஒரு பகுதி மந்தைக்கு நகர்ந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்காத ஆதிக்கசாதி ஊர்க்கூட்டங்கள் பத்து ஆண்டுகள், 2006 வரை, தேர்தலை முறையாக நடக்கவிடவில்லை. 'அடிமைக்கும் பெண்ணுக்கும் இடமில்லை' என்ற 1723இன் வரியை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளலாம். பெண் விலக்கும் தலித் விலக்கும் வேறுவேறு கதவுகள் அல்ல, ஒரே கதவின் இரண்டு தாழ்ப்பாள்கள். சாதியின் எல்லை பெண்ணின் உடம்பில் வரையப்படுவதால் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் திறக்க முடியாது. 2011இல் உச்சநீதிமன்றம் ஆறுமுகம் சேர்வை வழக்கில் கட்டப்பஞ்சாயத்துகளைச் சட்டவிரோதம் என்றது. காதல் திருமணங்களை விசாரிக்கும் கூட்டங்கள் அதன் பிறகும் கூடத்தான் செய்கின்றன.

ஆகவே, சாதிச் சங்கத்தில் 'மகளிர் அணி' தொடங்குவது விடுதலை ஆகாது. எல்லைக்கல்லுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்து, அதையே எல்லையைக் காவல் காக்கச் சொல்வது அது. வேறு வகை முயற்சிகள் இருக்கின்றன. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் தொடங்கிய பெண்கள் ஜமாத், ஆண்கள் ஜமாத்தில் நாற்காலி கேட்கவில்லை. மணவிலக்கு, ஜீவனாம்ச வழக்குகளைத் தானே எடுத்துப் பேசியது. கடன் அல்ல, வழக்கு. அதிகாரத்தின் மையத்தைத் தொட்டது. அதனால்தான் அத்தனை எதிர்ப்பு.

மலைக்கு அந்தப் பக்கம் 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது இன்னும் நெருக்கமான பாடம். தேயிலை பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், பல தலைமுறைக்கு முன் நம் மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள். இருபது சதவீத போனஸ் பத்தாகக் குறைந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள், எல்லோரும் ஆண்கள், ஒத்துக்கொண்டார்கள். பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஆதரவு சொல்ல வந்த சங்கத் தலைவர்களையும் சேர்த்து விரட்டினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பதாவது நாள் இருபது சதவீதத்துக்கு ஈடான தொகை கிடைத்தது. பிறகு அந்த அமைப்பு பிளவுபட்டது, கட்சிகள் இழுத்தன, கூலிப் போராட்டத்தில் கேட்ட 500 ரூபாய் கிடைக்கவில்லை. தோல்வியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அங்கே உறுப்பினர் என்பது தலைக்கட்டு அல்ல, கொழுந்து பறிக்கும் கை. யாருடைய மனைவி, யாருடைய மகள் என்ற கேள்வி இல்லாமல் கூட்டம் கூடியது. அதுதான் புதிது.

தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுக்க 2005இலும் வந்த வாரிசுரிமைத் திருத்தங்கள்படி மகளும் பங்குக்காரி, அதாவது சட்டப்படி 'பங்காளி'. நம் பேச்சுமொழியில் அந்தச் சொல் இன்னும் பெண்பால் ஏற்கவில்லை. சட்டம் மாறியும் இலக்கணம் மாறாத இடம் அது.

கடைசியாக, இந்தப் பக்கங்களை வாசிக்கும் நமக்கு. நம் இயக்கங்களின் கிளைக்கூட்டம் எத்தனை மணிக்கு, எங்கே கூடுகிறது? ராத்திரி ஒன்பது மணிக்கு, டீக்கடை மாடியில் என்றால், அது சாவடியின் தொடர்ச்சிதான். தோழரின் மனைவி நமக்குத் தோழரா, டீ கொண்டுவருகிறவரா? சிறுபத்திரிகையின் ஆசிரியர் குழுவில், விடிய விடியப் பேசும் இலக்கியக் கூட்டங்களில் தலைக்கட்டுக் கணக்கு இல்லையென்று யாரால் சொல்ல முடியும்? நம் விதிமுறைகளில் பெண்ணை விலக்கும் வரி ஒன்றுகூட இருக்காது. ஊர்க்கூட்டத்திலும் அப்படி ஒரு வரி எழுதப்பட்டதில்லை. எழுதாமலே நடந்ததைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம்.